கஞ்சி குடித்த நூல்

நூறாம் நம்பர் பருத்தி நூலில் ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுனியை ஆணியில் கட்டி, மறுநுனியில் நூறு கிராம் படிக்கல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். பெரும்பாலும் அறுந்துவிடும். ஒரு கைப்பேசியைக்கூடத் தூக்க வக்கில்லாத இந்த நூலைத்தான் இரண்டாயிரம் இழையாகத் தறியில் இழுத்துக் கட்டி, எஃகுப் பல் வைத்த அச்சால் நாள் முழுக்க அடித்து, அங்கவஸ்திரம் நெய்து எடுக்கிறார்கள்.

கைத்தறியைப் படம் பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடுவதைத்தான் பிடிக்கிறார்கள். சத்தம் இருக்கிறது, அசைவு இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. சேலத்தில் நெசவுத் தெருவை ஒட்டி வளர்ந்த எனக்கு நாடா ஓடுவது கடைசி வேலையாகத்தான் தெரியும். எதிர்வீட்டுப் பெரியம்மா சொல்வார்: “தறியில உக்காந்துட்டா பாதி துண்டு நெஞ்ச மாதிரி கண்ணு.” தறிக்கு முன்பே முடிந்துவிடும் அந்தப் பாதியில் எவ்வளவு இயற்பியலும் வேதியியலும் ஒளிந்திருக்கின்றன என்று புரிய எனக்குக் கல்லூரி முடித்தும் பத்து வருடம் ஆயிற்று.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முடிந்த துண்டு 24 அங்குல அகலம் வேண்டும். நெய்யும்போது குறுக்கே ஓடும் ஊடை நூல், நீளவாக்கில் நிற்கும் பாவு இழைகளின் மேலும் கீழுமாக வளைந்து போவதால் துணி உள்வாங்கும். ஆகவே அச்சில் 26 அங்குலம் வைக்கவேண்டும். அங்குலத்துக்கு 80 இழை என்றால் மொத்தம் 2,080 இழை. ஒரு பாவில் எட்டொன்பது துண்டு வரட்டும் என்று 20 மீட்டர் நீளம் ஓட்டுகிறோம். பெருக்கினால் 41,600 மீட்டர். மாரத்தான் ஓட்டத்துக்கு அரை கிலோமீட்டர் சொச்சம்தான் குறைவு. அவ்வளவு நீள நூலும் எவ்வளவு எடை இருக்கும்? கால் கிலோ. அதற்கும் நாலு கிராம் குறையும்.

நூலின் நம்பர் என்பதே இந்த நீள, எடைக் கணக்குதான். 840 கெஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நம்பர். நூறு சிட்டம் வந்தால் நூறாம் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். வெள்ளைக்காரன் காலத்தில் லங்காஷயர் மில்களோடு வந்த கணக்கு இது. மீட்டரும் கிலோவும் வந்த பிறகும் நெசவுத் தெருவை விட்டுப் போகவில்லை. நூறாம் நம்பரில் ஒரு கிராம் நூல் ஏறத்தாழ 169 மீட்டர் ஓடும். அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைமுடிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் முடி ஒரே துண்டாக முளைத்தது. பருத்தி நூல் அப்படி இல்லை. மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள பஞ்சு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், பசையில்லாமல், வெறுமனே முறுக்கி வைத்திருப்பவை. இது எப்படி நிற்கிறது? கலிலியோவுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. 1638-இல் வெளியான தன் கடைசி நூலில், குட்டையான நார்களால் திரித்த கயிறு ஏன் உருவிக்கொண்டு வருவதில்லை என்று கேட்டு, முறுக்குதான் நார்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது என்று விளக்கினார். இழுக்க இழுக்க முறுக்கு இறுகும். இறுக இறுக உராய்வு கூடும். இதைக் கணித ரீதியாகச் சரியாகப் பிடிக்க இன்னும் 380 ஆண்டுகள் ஆயின. 2018-இல் வாரன், பால், கோல்ட்ஸ்டீன் என்ற மூன்று இயற்பியலாளர்கள், இழைகளுக்கிடையே போதிய தொடுபுள்ளிகளும் உராய்வும் இருந்துவிட்டால் இழுவிசை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தானாகக் கடந்துவிடும், நூல் ‘உருவுகிற’ நிலையிலிருந்து ‘பூட்டிக்கொண்ட’ நிலைக்குத் தாவிவிடும் என்று காட்டினார்கள். இழை நீளமாக இருந்தால் தொடுபுள்ளிகள் அதிகம். மெல்லிய நம்பர் நூற்க நீள இழைப் பருத்தி வேண்டும் என்பது அதனால்தான். கோயம்புத்தூரில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கி 1974-இல் வெளியிட்ட சுவின் பருத்திக்கு இன்றும் மதிப்பு குறையாததற்கும் அதுவே காரணம்.

இவ்வளவு இருந்தும் நூலில் ஒரு தொல்லை உண்டு. எந்த நூலும் நெடுகிலும் ஒரே பருமனில் இருக்காது. ஓரிடத்தில் இழைகள் குறைந்திருக்கும், ஓரிடத்தில் முறுக்கு தளர்ந்திருக்கும். மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த எஃப். டி. பியர்ஸ் 1926-இல் இதைப் புள்ளியியலாக்கினார். நூலின் பலம் அதன் சராசரிப் பலம் அல்ல. அதன் மிகப் பலவீனமான புள்ளியின் பலம். நீளம் கூடினால் அப்படியொரு மோசமான புள்ளி அகப்படும் வாய்ப்பும் கூடும். ஒரு முழ நூலில் சோதித்துப் பார்த்த பலத்தை நம்பி இருபது மீட்டர் பாவு கட்டினால் ஏமாந்துபோவோம். ஆயிரம் மீட்டருக்கு ஒரே ஒரு சோப்ளாங்கி இடம் என்றாலும் நம் பாவில் நாற்பத்தொரு இடம். ஒவ்வொன்றும் அறும்போது தறி நிற்கும், அறுந்த இழையைத் தேடவேண்டும், பாவு இழைகளை மேலும் கீழுமாகப் பிரிக்கும் விழுதில் கோத்து, அச்சுப் பல்லில் இழுத்து முடியவேண்டும். இரும்புச் சங்கிலிக்கும் பீங்கானுக்கும் பயன்படுகிற இந்தக் கணக்கை பியர்ஸ் ஒரு பருத்தி நூலுக்காகப் போட்டார் என்பது நெசவுக்காரர்களுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள்.

தறிக்கு முன்னால் நடக்கிற அத்தனை வேலையும் அந்த நாற்பத்தொரு இடங்களைக் காப்பாற்றும் ஏற்பாடு என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

முதலில் தண்ணீர். மில்லிலிருந்து வந்த சிட்டா நூலைத் தொட்டியில் போட்டால் மிதக்கும். பருத்திச் செடி தன் இழைக்கு மெழுகு பூசித்தான் அனுப்புகிறது. எடையில் ஒரு சதவீதம்கூட இருக்காது, ஆனால் தண்ணீரை உள்ளே விடாது. கொதிக்க வைத்தோ, ஊறவைத்துக் காலால் மிதித்தோ அந்த மெழுகைக் கழற்றவேண்டும். கழன்ற பிறகுதான் நூல் சாயத்தையும் கஞ்சியையும் குடிக்கும். பிறகு ராட்டையில் ஏற்றிச் சுற்றுவது, பாவு ஓட்டுவது.

பாவு ஓட்டுவதில் இரண்டே விதிகள். எல்லா இழையும் ஒரே இறுக்கம். எல்லா இழையும் தன் வரிசையில். முதல் விதியை மீறினால் என்ன ஆகும்? பருத்தி நூல் தன் நீளத்தில் ஆறு சதவீதம் அளவுக்கு நீளும், அதற்குமேல் அறும். இருபது மீட்டர் பாவில் ஓர் இழை மட்டும் ஒரு சாண் குட்டையாகப் போய்விட்டால், மற்ற இழைகள் நிமிரும் முன்பே அது ஒரு சதவீதம் நீண்டு நிற்கும். பக்கத்து இழைகள் சும்மா இருக்க, அது மட்டும் சுமை தூக்கும். முதலில் அறுவதும் அதுதான். தளர்ந்த இழை அறாது, ஆனால் துணியில் புழுப்போல நெளிந்து கிடக்கும்.

இரண்டாவது விதிக்கு நெசவாளர்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பார்த்தால், யார் முதலில் கண்டுபிடித்தார்களோ அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று தோன்றும். இரண்டு குச்சிகள். அவ்வளவுதான். முதல் இழை முதல் குச்சிக்கு மேலே, இரண்டாவது குச்சிக்குக் கீழே. அடுத்த இழை இதற்குத் தலைகீழ். இப்படி ஒன்றுவிட்டு ஒன்று குறுக்கிட்டுக்கொண்டே போனால் 2,080 இழைகளும் தத்தம் வரிசையில் பூட்டிக்கொள்ளும். பாவைச் சுருட்டலாம், மடிக்கலாம், சைக்கிள் கேரியரில் கட்டி ஊர் மாற்றலாம்; குச்சி இருக்கும்வரை வரிசை குலையாது. எட்டு வயதில் கிட்டிப்புள் ஆட நல்ல குச்சி என்று நினைத்து அப்படி ஒன்றை நான் உருவியிருக்கிறேன். அன்று வாங்கிய அடியை இங்கே விவரிக்க வேண்டாம். இரண்டு பேர் அரைநாள் உட்கார்ந்து இழை இழையாகப் பொறுக்கினார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இனிக் கஞ்சி.

சேலம், திருச்செங்கோடு பக்கமெல்லாம் பாவடி என்று ஒரு பெயர் திடலுக்கும் தெருவுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். பாவு விரித்துக் கஞ்சி போடுவதற்கென்று ஊர் ஒதுக்கி வைத்த நீண்ட வெற்றிடம் அது. பொழுது விடியும் முன்னே பாவை இரு முனையிலும் இழுத்துக் கட்டி, இடையிடையே கவைக்கால் கொடுத்து, இடுப்பு உயரத்தில் நிறுத்துவார்கள். கஞ்சியைத் தெளித்து, பாவாற்றியால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வாரிக்கொண்டே போவார்கள். பாவாற்றி என்பது நாரால் கட்டிய பெரிய புருசு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடிப்பார்கள். வாருவது ஒரே திசையில்தான். திரும்பி வரும்போது எதிர்த்திசையில் வாரினால் வேலை கெட்டது. குழந்தைக்குத் தலைசீவுவதுபோலப் பார்ப்பதற்கு இருக்கும். உண்மையில் அங்கே நடப்பதும் தலைசீவல்தான்.

பருத்தி நூலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலெல்லாம் மயிர் சிலிர்த்திருக்கும். முறுக்குக்குள் அடங்காத இழை நுனிகள். தறியில் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் பக்கத்து இழையின் மயிரும் இந்த இழையின் மயிரும் பின்னிக்கொண்டு இழுக்கும். இதற்குமேல் அச்சின் அடி. அச்சு முன்னும் பின்னும் போய்வரும் தூரம் ஐந்து அங்குலம் என்றும், அங்குலத்துக்கு 80 ஊடை என்றும் வைத்தால், பாவு நூலின் ஒவ்வொரு புள்ளியும் துணியாக மாறுவதற்குள் நானூறு முறை எஃகுப் பல்லில் உரசியாகவேண்டும். கஞ்சி அந்த மயிரைப் படியவைத்து, நூலுக்கு மேலே வழவழப்பான தோல் ஒன்றைப் போர்த்துகிறது. உள்ளே இறங்கிய கொஞ்சம், நழுவப் பார்க்கிற இழைகளை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. பலவீனமான இடங்களில்தான் இதன் அருமை தெரியும்.

ஏன் அரிசிக் கஞ்சி? கைக்குக் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். கேழ்வரகுக் கஞ்சியும் சோளக் கஞ்சியும் போட்ட ஊர்களும் உண்டு. இன்னொரு காரணம் அதன் மாவுமணியின் அளவு. அரிசியின் மாவுமணி 3 முதல் 8 மைக்ரான். உருளைக்கிழங்கினுடையது 100 மைக்ரான் வரை போகும். பொடி மணி, மெல்லிய நூல் மேல் திட்டுத்திட்டாகப் படியாமல் சமமாகப் படரும். 65 முதல் 80 பாகை வெப்பத்தில் இந்த மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதி வெடிக்கும். உள்ளிருக்கும் அமைலோஸ் என்ற நேர்ச் சங்கிலியும் அமைலோபெக்டின் என்ற கிளைச் சங்கிலியும் வெளியே வரும். ஆறிக் காயும்போது நேர்ச் சங்கிலிகள் பக்கம் பக்கமாகப் படுத்துத் தோலாகும்.

பருத்தி செல்லுலோஸ். கஞ்சி ஸ்டார்ச். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே குளுக்கோஸ்தான். குளுக்கோஸ்கள் கைகோத்திருக்கும் கோணம் மட்டும் வேறு. ஒரு கோணத்தில் கோத்தால் சட்டை, இன்னொரு கோணத்தில் கோத்தால் சோறு. பங்காளிகள் என்பதால் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று எளிதாகப் பிடித்துக்கொள்கின்றன. பெட்ரோலியத்திலிருந்து எடுத்த பாலியெஸ்டர் நூலில் வெறும் அரிசிக் கஞ்சி இப்படி ஒட்டாது.

பதம் பார்ப்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. அப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இட்ட புதிதில் மடக்கலாம், சுருட்டலாம். வெயிலில் ஒரு பகல் கிடந்தால் தொட்ட இடத்தில் உடையும். கஞ்சித் தோலும் அப்படியே. ஈரம் ஓரளவு இருந்தால் வளையும்; போய்விட்டால் நொறுங்கும், நொறுங்கும்போது நூலையும் சேர்த்துக் கிழிக்கும். கஞ்சியில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விடுவது இதற்குத்தான். எண்ணெய் கஞ்சித் தோலை மென்மையாக்கி, நூலுக்கு வழவழப்பும் கொடுக்கிறது.

மேலே சொன்ன கால் கிலோ பாவு குடித்து நிறுத்திக்கொள்ளும் கஞ்சியின் உலர் எடை, பத்து சதவீதம் என்று வைத்தாலும், 25 கிராம். ஒரு கைப்பிடி அரிசி. எட்டொன்பது அங்கவஸ்திரங்கள் அந்தக் கைப்பிடி அரிசியின் தயவில் நெய்யப்படுகின்றன.

விடியும் முன் ஏன் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. வெயில் ஏறினால் கஞ்சி வாரி முடிப்பதற்குள் காய்ந்து இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். காற்று அடித்தால் இன்னும் மோசம். பருத்தி நூலும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கிற சரக்கு. ஓரளவு ஈரமான காற்றில் அதன் எடையில் எட்டரை சதவீதம்வரை தண்ணீர் இருக்கும். கோடை நடுப்பகலில் அது பாதியாகிவிடும். பெரும்பாலான நார்கள் நனைந்தால் பலம் குறைகின்றன. பட்டு குறையும், ரேயான் படுமோசமாகக் குறையும். பருத்தியோ நனைந்தால் பலம் கூடுகிற விசித்திரப் பிறவி. தண்ணீர் புகுந்ததும் செல்லுலோஸ் சங்கிலிகள் சற்று நகர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன, நார் ஊதுவதால் பக்கத்து நாரைப் பிடிக்கும் பிடியும் இறுகுகிறது.

இந்த ஈரத்துக்காகத்தான் டாக்கா மஸ்லின் நூற்ற பெண்கள் ஆற்றோரத்தில் விடியலிலும் அந்தியிலும் மட்டுமே நூற்றார்கள். நம்மூர் நெசவாளர் மண்ணில் குழி வெட்டிக் காலை உள்ளே விட்டு உட்கார்ந்தார். மிதிகள் குழியில், பாவு தரைக்கு ஒரு சாண் உயரத்தில். மண்ணின் ஈரம் பாவுக்கு வந்துகொண்டே இருக்கும். இங்கிலாந்தின் லங்காஷயர் முதலாளிகள் இதே ஈரத்துக்காக நெசவுக் கொட்டகைக்குள் கொதிநீராவியைப் பீய்ச்சினார்கள். நூல் அறவில்லை, ஆட்கள் நோயில் விழுந்தார்கள். எவ்வளவு ஈரம் வரை வைக்கலாம் என்று வரம்பு கட்ட 1889-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தனிச் சட்டமே போடவேண்டியிருந்தது. குழித்தறியும் உடம்புக்கு நல்லது என்று நான் சொல்லமாட்டேன். முதுகும் முழங்காலும் என்ன பாடு படும் என்பது முப்பது வருடம் அதில் உட்கார்ந்தவர்கள் எழுந்து நடப்பதைப் பார்த்தால் தெரியும்.

கஞ்சி போட்டுக் காய்ந்த பாவு தறிக்கு வருகிறது. இப்போது 2,080 இழைகளையும் ஒவ்வொன்றாக விழுதின் கண்ணில் நுழைத்து, அச்சின் பல்லுக்குப் பல் இழுக்கவேண்டும். புதுத் தறிக்கு அது தப்பாது. ஆனால் பழைய பாவு முடிகிற தறியில் நெசவாளர் கடைசி ஒரு முழத்தை வெட்டி எறிய மாட்டார். அது விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே தொங்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் அந்தந்த இழையோடு சேர்த்துவிட்டு, மெதுவாக இழுத்தால் புதுப் பாவு தானே விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் நடந்து வந்துவிடும். இதற்குப் பாவு பிணைத்தல் என்று பெயர்.

எதிர்வீட்டுப் பெரியம்மா இதில் கைகாரி. தறிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்வார். பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அடுப்புச் சாம்பல். இடது கை பழைய இழை ஒன்றையும் புது இழை ஒன்றையும் பொறுக்கிச் சேர்க்கும். வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சாம்பலைத் தொட்டு இரண்டு நுனியையும் ஒரு திருகு திருகி, திருகியதைப் புது இழையின்மேல் மடித்து இன்னொரு திருகு. முடிந்தது. முடிச்சு கிடையாது. நான் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தால் என் எண்ணிக்கை பின்தங்கிவிடும். கண் அதில் இருக்காது. வாசலில் போகிறவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

“முடிச்சு போட்டா இன்னும் கெட்டியா இருக்குமே பெரியம்மா?”

“கெட்டியாத்தான் இருக்கும். அச்சுல போவணுமே, அதுக்கு நீ வந்து வழி விடுவியா?”

கணக்கு அவர் பக்கம். 80-ஆம் நம்பர் அச்சு என்றால் இரண்டு அங்குலத்தில் 80 பல்லிடுக்கு. ஓர் இடுக்கில் இரண்டு இழை போகும். பல்லின் கனம் போக, இடுக்கு கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர். நூல் 0.09. ஒரு முடிச்சு போட்டால் நூலின் பருமனைப்போல மூன்று மடங்கு ஆகிவிடும். இடுக்கு முழுவதும் அதற்கே சரியாகப் போகும், அதே இடுக்கில் பக்கத்து முடிச்சும் வந்தால் இரண்டும் மாட்டிக்கொள்ளும். திருகினால் இரு மடங்குதான், அதுவும் அமுங்கிக்கொடுக்கும். சாம்பல் விரலின் வியர்வையை உறிஞ்சி, நூலுக்குச் சொரசொரப்பும் கொடுக்கிறது. இழுக்க இழுக்கத் திருகு இறுகும் என்பது கலிலியோவின் கயிறேதான்.

கட்டி முடித்த பாவுக்கு இழுவிசை கொடுக்கவேண்டும். பழைய குழித்தறிகளில் பாவை உருளையில் சுற்றமாட்டார்கள். நீளமாக விரித்து, கோடியில் கயிறு கட்டி, கயிற்றை எதிரே ஒரு முளையில் சுற்றி, நுனியை நெசவாளரின் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து கட்டியிருப்பார்கள். நெய்ய நெய்யக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். இழைக்கு 15 கிராம் இழுவிசை என்றாலும் 2,080 இழைக்கு 31 கிலோ. இதை ஒற்றைக் கையால் எப்படிப் பிடிக்கிறார்? முளையைச் சுற்றிய கயிற்றில் உராய்வு கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. ஆய்லர் இதற்குச் சமன்பாடு எழுதியிருக்கிறார். உராய்வுக் குணகத்தை 0.2 என்று குறைத்தே வைத்தாலும் மூன்று சுற்று சுற்றினால் விசை நாற்பது மடங்குக்குமேல் பெருகும். முக்கால் கிலோ பிடித்தால் அந்தப் பக்கம் முப்பது கிலோ நிற்கும். கப்பலைத் துறைமுகத்தில் ஒற்றை ஆள் நிறுத்துவதும் இதே வித்தை.

இந்தத் தயாரிப்பு வேலைகளைத் தெருவிலிருந்து எடுத்து ஓரிடத்தில் குவிக்கலாம் என்ற யோசனை புதிதல்ல. 1900-களின் முதல் பத்தாண்டில் சென்னை மாகாண அரசுக்காக ஆல்ஃபிரட் சாட்டர்டன் சேலத்தில் ஒரு நெசவுக்கூடம் நடத்திப் பார்த்தார். வீட்டுத் தறியை விட்டுவிட்டு மணியடித்தால் வந்து மணியடித்தால் போகிற வேலை நெசவாளர்களுக்குப் பிடிக்கவில்லை. கூடம் நீடிக்கவில்லை. ஆனால் அவர் யோசனையில் பாதி இன்று நடந்துவிட்டது. சைசிங் மில்லில் கஞ்சி குடித்து, உருளையில் சுற்றிய பாவாகவே இப்போது வீட்டுக்கு வருகிறது. இரட்டை இழை முறுக்கிய நூலில் மயிர் குறைவு என்பதால் கஞ்சியே வேண்டாம் என்று போகிறவர்களும் உண்டு. பட்டு நெய்கிறவர்களுக்கு அந்தக் கவலை ஆரம்பத்திலேயே குறைவு. பட்டுப்புழு கூடு கட்டும்போதே செரிசின் என்ற பசையைப் பூசிவிடுகிறது, எடையில் கால் பங்கு அளவுக்கு. பாவடிகள் காலியாகிவிட்டன. விடிகாலைக் குளிரில் பாவாற்றி பிடித்து நடந்தவர்களுக்கு அது விடுதலை என்றே நான் நினைக்கிறேன்; அதற்காக ஏங்கி எழுதுகிறவர்கள் ஒரு நாள் பிடித்துப் பார்த்திருக்கமாட்டார்கள். பெரியம்மாவின் பிணைப்பு மட்டும் கைத்தறியில் இன்னும் பெரும்பாலும் கைவேலைதான். அவர் வீட்டில் கூலி, நெய்த துண்டை எண்ணித்தான் வந்தது. பிணைத்த இழையை யாரும் எண்ணவில்லை.

தறியிலிருந்து அறுத்த துண்டைக் கையில் எடுத்தால் ஏமாற்றமாக இருக்கும். விறைத்த அட்டைபோல நிற்கும். இரண்டிரண்டு இழையாக அச்சுப் பல்லில் போன தடம், துணியை வெளிச்சத்தில் பிடித்தால் கோடு கோடாகத் தெரியும். இது குறையல்ல. நூலுக்குள்ளே ஏறத்தாழ ஐம்பது நார்கள் கஞ்சியால் ஒட்டி ஒரே கம்பியாக நிற்கின்றன. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். ஒட்டு விட்டு நார்கள் தனித்தனியே வழுக்கத் தொடங்கினால் விறைப்பு பல மடங்கு சரியும். மேலே சொன்ன அதே பியர்ஸ், துணி எவ்வளவு தூரம் நீட்டினால் தன் எடையாலேயே தொங்கிவிடும் என்று அளந்து, ‘தொட்டால் மெது’ என்பதை 1930-இல் ஓர் எண்ணாக்கினார். நம் துண்டுக்கு அந்த எண் தறியை விட்டு இறங்கும்போது ஒன்று, நாலு தண்ணீர் பார்த்தபின் வேறொன்று. தண்ணீரில் பாவு இழைகள் ஊதி, நகர்ந்து, தம் இடைவெளியைச் சமமாக்கிக்கொள்கின்றன. அச்சுக் கோடு மறைந்துவிடும்.

ஆகவே கைத்தறி அங்கவஸ்திரம் வாங்கும்போது விறைப்பைப் பார்த்துத் தரம் முடிவு செய்யாதீர்கள். வாங்கி வந்ததும் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீர் கலங்கியிருக்கும். பிழிந்து முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். ஓரத்தில் தொங்கும் பாவு நூலில் ஒரு சிறு துணுக்கைக் கத்தரித்து, புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அமைலோஸ் சங்கிலி சுருண்டு அயோடினை உள்ளே பிடித்துக்கொள்ளும், கருநீலமாகும். செல்லுலோஸ் அப்படிப் பிடிக்காது, பழுப்பாகவே இருக்கும். நீலம் வந்தால் கஞ்சி இன்னும் மிச்சம் இருக்கிறது. இன்னொரு தண்ணீர் அலசுங்கள்.